சென்னையில் படிக்க வருகிறவர்களுக்குக் கட்டுப்படியாகிற அறை: தேடுவது முதல் அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது வரை

அறை தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது வாடகையை. ஆனால் சென்னையில் மாணவரின் கையைக் கடிப்பது வாடகைக்கு வெளியே இருக்கிறது: திரும்பி வராத அட்வான்ஸ், மே மாதம் ஊரில் இருக்கும்போதும் ஓடும் வாடகை, யூனிட்டுக்கு இத்தனை என்று ஓனர் போடும் கரன்ட் கணக்கு, ரயில் இல்லாத ஏரியாவில் ஷேர் ஆட்டோவுக்குப் போகும் காசு. 6,000 ரூபாய் அறை 8,000 ரூபாய் அறையைவிடச் செலவு வைப்பது இங்கே சர்வ சாதாரணம். அதனால் எந்த இடத்தைப் பார்த்தாலும் ஒரு கல்வியாண்டுக்கான மொத்தச் செலவைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எப்போது தேடுவது

கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து காலி செய்யத் தொடங்குவார்கள். மே மாதம்தான் சந்தையில் இடம் அதிகம், பேரம் பேசவும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே சென்னையில் படித்துக்கொண்டு அறை மாற நினைப்பவர்கள் இந்த மாதத்தைத் தவறவிடக் கூடாது. காலியாகப் போகிற வீட்டின் சீனியரிடம் பேசி, போர்டு மாட்டும் முன்பே ஓனரைப் பார்த்துவிட்டால் புரோக்கர் கமிஷன் மிச்சம்.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. கலை அறிவியல் கல்லூரிகள் திறக்கும்போது ஒரு கூட்டம் வரும். பொறியியல் கலந்தாய்வு முடிந்ததும் இன்னொரு பெருங்கூட்டம் வரும். அந்த இரண்டு, மூன்று வாரங்களில் கிண்டி, அடையாறு, வேளச்சேரி பக்கம் எல்லா பி.ஜி.யிலும் (பேயிங் கெஸ்ட் விடுதி) ‘ஒரே ஒரு பெட்தான் இருக்கு, இப்பவே சொல்லுங்க’ என்பார்கள். அந்த அவசரத்தில் ஓராண்டுக்கு இடம் பிடிக்காதீர்கள். நோட்டீஸ் காலம் ஒரு மாதமோ அதற்குக் குறைவோ உள்ள பி.ஜி. ஒன்றில் சேர்ந்து, கல்லூரி நேரமும் ஊரும் பிடிபட்ட பிறகு நிதானமாக மாறுங்கள். முதல் இடம் தற்காலிகம் என்று வீட்டிலும் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் மாறும்போது ‘அங்க என்ன குறை?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது.

முதலில் தட்ட வேண்டிய கதவுகள்

கல்லூரியின் சொந்த விடுதிதான் அநேகமாக மலிவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலும் விடுதிகள் உண்டு. வெளியூர் மாணவர்களுக்கே முன்னுரிமை. அட்மிஷன் நாளிலேயே விடுதி விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள். ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று ஊருக்குப் போனவர்கள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போவார்கள். அந்தப் பட்டியலில் இருந்தாலும் நம்பிக்கையை விட வேண்டாம். முதல் இரண்டு மாதங்களில் பலர் கல்லூரி மாறுவார்கள், சிலர் வெளியே அறை எடுப்பார்கள். வாரம் ஒருமுறை விடுதி அலுவலகத்தில் முகம் காட்டுகிறவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

இரண்டாவது, அரசு விடுதிகள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் நலத் துறைகள் கல்லூரி மாணவ மாணவியருக்கான விடுதிகளை நடத்துகின்றன. 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பொதுப்பெயர் வைத்தார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி இந்த வகைதான். பெற்றோர் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது அவ்வப்போது மாறுவதால் அந்த ஆண்டின் படிவத்தைப் பாருங்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில், வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மாணவியருக்கு அந்த விதி இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், போனஃபைடு (கல்லூரியில் படிப்பதற்கான சான்று), ஆதார் நகல், வங்கிக் கணக்கு நகல், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் தள்ளிப்போவது பெரும்பாலும் வருமானச் சான்றிதழால்தான். கடைசி நேரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடாமல், பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்த விடுதிகளைப் பற்றி ‘அங்கெல்லாம் எப்படி இருக்கிறது’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கட்டடத்துக்குக் கட்டடம் நிலைமை வேறு. நேரில் போய், அங்கே தங்கியிருக்கும் மாணவர்களிடம் கழிவறை, தண்ணீர், இரவுச் சாப்பாடு மூன்றையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். ஆண்டுக்கு 90,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் வாய்ப்பை, பார்க்காமலே விட வேண்டாம்.

ரயில் பாதையை வைத்து ஏரியா தேர்வு

கல்லூரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட, ரயிலில் எத்தனை நிறுத்தம் என்று பாருங்கள். காலை எட்டரை மணிக்கு மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்குப் பேருந்தில் போவதைவிட, அதைக் காட்டிலும் தொலைவில் உள்ள குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் போவது எளிது. ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடையில் இருக்கும் வீடுதான் தேட வேண்டிய வீடு.

கிண்டி வளாகத்தில் படிப்பவர்கள் கடற்கரை–தாம்பரம் பாதையில் பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் பகுதிகளைப் பார்க்கலாம். தெற்கே போகப் போக வாடகை குறையும். ஆனால் கிண்டி ரயில் நிலையத்திலிருந்து அண்ணா பல்கலைக்கழக வாசல் நடை தூரம் அல்ல, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சைதாப்பேட்டையில் பழைய ஓட்டு வீடுகளும் ஒண்டுக்குடித்தனப் போர்ஷன்களும் இன்னும் கட்டுப்படியாகிற வாடகைக்குக் கிடைக்கின்றன. புறநகர் ரயில், மெட்ரோ இரண்டும் உண்டு.

சேப்பாக்கத்தில் படிப்பவர்களுக்கு, அதாவது சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி ஆகியவற்றுக்கு, மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயில்தான் வழி. சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் கல்லூரி பக்கம். வேளச்சேரி, பெருங்குடி, தரமணி, மந்தைவெளி எல்லாம் ஒரே பாதை. ஒரு குறை: பறக்கும் ரயில் நிலையங்களில் பல இரவானதும் வெறிச்சோடிவிடும். மாலை வகுப்பு, லேப் என்று தாமதமாகத் திரும்புகிறவர்கள், நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் தெருவை இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்லூரி போனஃபைடு கொடுத்தால் ரயிலில் மாணவர் சீசன் டிக்கெட் சலுகை விலையில் கிடைக்கும். மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. இது மாணவியரின் ஏரியா கணக்கையே மாற்றும்: சாதாரணக் கட்டண பஸ் அடிக்கடி ஓடும் சாலையில் அறை எடுத்தால் போக்குவரத்துச் செலவே இல்லாமல் ஒப்பேற்றலாம்.

இனி மழை. மாணவர்கள் அறை பிடிப்பது மே முதல் ஆகஸ்ட் வரை, தரை காய்ந்து கிடக்கும்போது. வெள்ளம் வருவதோ நவம்பர், டிசம்பரில். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணைச் சுற்றுவட்டாரமும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. இந்தப் பகுதிகளையே ஒதுக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தை மட்டும் ஒதுக்குங்கள். மாடி வீட்டைவிடத் தரைத்தளம் குறைந்த வாடகைக்கு வருகிறதென்றால் காரணம் கேளுங்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் பெயின்ட் உப்பியிருக்கிறதா, ஸ்விட்ச் போர்டுகளை வழக்கத்தைவிட உயரத்தில் வைத்திருக்கிறார்களா, மீட்டர் பெட்டி மாடிப்படியில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓனர் ‘இங்க தண்ணியே நிக்காது’ என்பார். எதிரில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரர் உண்மையைச் சொல்வார்.

பி.ஜி.யா, மேன்ஷனா, வீடா: கணக்கு

நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் மலிவு என்று பரவலான நம்பிக்கை இருக்கிறது. எண்களைப் போட்டுப் பார்ப்போம். புறநகரில் இரண்டு படுக்கையறை வீடு 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு வாடகை 4,000, மெயின்டனன்ஸ் 400, கரன்ட் 400, இன்டர்நெட் 200, சொந்தச் சமையல் 3,000. மாதம் 8,000. விடுமுறை இரண்டு மாதங்களிலும் சாப்பாடு போக 5,000 கட்டியாக வேண்டும். ஆண்டுக்கு 90,000. இதுபோக ஒரே முறை வரும் செலவுகள்: புரோக்கருக்கு ஒரு மாத வாடகையில் பங்கு 4,000, பாய், மின்விசிறி, அடுப்பு, பாத்திரம், பழைய ஃபிரிட்ஜ் வகையில் 6,000, காலி செய்யும்போது பெயின்டிங் என்று பிடிக்கும் ஒரு மாத வாடகையில் 4,000. ஆக 14,000.

மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறை, சாப்பாட்டுடன் 8,500 என்று கொள்வோம். விடுமுறையில் பெட்டை வைத்துக்கொள்ளப் பாதிக் கட்டணம். ஆண்டுக்கு 93,500, சேரும்போது திரும்பாத கட்டணம் 2,000.

முதல் ஆண்டோடு காலி செய்தால் வீட்டுக்கு 1,04,000, பி.ஜி.க்கு 95,500. நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்தால் வீட்டுக்கு 3,74,000, பி.ஜி.க்கு 3,76,000. நான்கு வருடம் சமைத்து, பாத்திரம் கழுவி, மிச்சம் 2,000 ரூபாய்! அதுவும் நால்வரும் கடைசி வரை பிரியாமல் இருந்தால். ஒருவர் இடையில் கிளம்பினால் வாடகைப் பங்கு 4,000-லிருந்து 5,333 ஆகிவிடும். சமைக்காமல் மெஸ்ஸில் சாப்பிட்டாலோ கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும். விடுமுறையே இல்லாத ஆராய்ச்சி மாணவர்களுக்கு நிலைமை வேறு: பன்னிரண்டு மாதமும் இருப்பதால் ஆண்டுக்கு 6,000 மிச்சமாகும், இரண்டு ஆண்டில் கூடுதல் முதலீடு திரும்பிவிடும். ஆகவே இளநிலை மாணவர்கள் வீடு எடுப்பது சுதந்திரத்துக்காக. அதில் தவறில்லை, சிக்கனம் என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம். உங்கள் ஏரியா எண்களை இதே அச்சில் போட்டுப் பாருங்கள்.

சிறு சிறு அறைகளை மாத வாடகைக்கு விடும் மேன்ஷன்கள் திருவல்லிக்கேணியின் தனிச் சரக்கு, ஆண்களுக்கு மட்டும். சேப்பாக்கத்தில் முதுநிலை படிப்பவர்களுக்குத் தோதானது: கல்லூரிக்கு நடந்தே போகலாம், பெரிய அட்வான்ஸ் இல்லை, மெஸ்களுக்குப் பஞ்சமில்லை. சமையல் கூடாது, கழிவறை பொது, காற்றோட்டம் குறைவு. சேரும் முன் மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறையை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். பூச்சி உங்கள் பெட்டியோடு அடுத்த அறைக்கும் வரும்.

‘லீஸுக்கு வீடு’ என்று லட்சக்கணக்கில் மொத்தமாகக் கேட்டு, மாத வாடகை இல்லை என்பார்கள். மாணவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். கொடுப்பவர் ஓனரா, ஓனரிடம் வாடகைக்கு இருக்கும் இடைத்தரகரா என்பது பணம் போன பிறகுதான் தெரியவரும்.

தேடும் விதம்

செயலிகளில் விலை நிலவரத்தைப் பாருங்கள். வீட்டைத் தெருவில் தேடுங்கள். சென்னையில் ‘டூ-லெட்’ அட்டை மாட்டிய வீடுகளில் கணிசமானவை இணையத்துக்கு வருவதே இல்லை, குறிப்பாக ஓனர் மேலே குடியிருந்து கீழே விடும் பழைய வீடுகள். சனி, ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஏழு வரை நடப்பது உத்தமம். ஓனர் வீட்டில் இருப்பார், தண்ணீர் வரும் நேரமும் தெரியும். அண்ணாச்சி கடை, இஸ்திரி வண்டி, அடுக்குமாடி வாட்ச்மேன் மூவரிடமும் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

‘பேச்சிலர்ஸுக்குக் கொடுக்கிறதில்ல’ என்ற பதில் நிச்சயம் வரும். பெற்றோரில் ஒருவர் முதல் சந்திப்புக்கு வந்தால் பாதிக் கதவுகள் திறக்கும். ‘சார், பையனுக்கு நான் பொறுப்பு, வாடகை ஒண்ணாம் தேதி என் அக்கவுன்ட்ல இருந்தே வரும்’ என்று அப்பா ஒரு வார்த்தை சொல்வதற்கு இங்கே எந்த ஐடி கார்டையும்விட மதிப்பு அதிகம். ‘சைவம் மட்டும்’ என்று சொல்லியும் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்டும் வடிகட்டுவது இந்த நகரத்தில் இன்னும் நடக்கிறது. சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்லி நுழைவது பலன் தராது. மூன்றாம் மாதமே பிரச்சினையாகி, அட்வான்ஸோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். அப்படிப்பட்ட வீட்டை விட்டுத்தள்ளுங்கள்.

இணையத்தில் நடக்கும் மோசடிக்கு ஒரு வாய்பாடு உண்டு. அடையாறில் நல்ல வீடு, பாதி வாடகை, அழகான படங்கள். போன் செய்தால் ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், இப்போது வெளி மாநிலத்தில் பணி’ என்பார். வீட்டைப் பார்க்க கேட் பாஸ் என்றோ டோக்கன் அட்வான்ஸ் என்றோ 2,000, 3,000 கேட்பார். அல்லது ‘நான் பணம் அனுப்புகிறேன், கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள்’ என்பார். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. உள்ளே நின்று பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான்.

பார்க்கப் போகும்போது

பி.ஜி.யைப் பகல் பதினொரு மணிக்குக் காட்டுவார்கள். எல்லோரும் கல்லூரிக்குப் போயிருப்பார்கள், இடம் அமைதியாகப் பளிச்சென்று இருக்கும். நீங்கள் இரவு எட்டு மணிக்குப் போங்கள். சாப்பாடு பரிமாறுகிற நேரம், கூட்டம், வைஃபை வேகம், வார்டன் பேசும் தோரணை எல்லாம் அப்போது தெரியும். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் ஒருவரிடம் ‘அட்வான்ஸ் ஒழுங்கா திருப்பித் தராங்களா?’ என்று கேட்டுவிடுங்கள்.

குளியலறைக் கணக்கைப் போடுங்கள். ஒரு குளியலறைக்கு ஆறு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் 72 நிமிடம். எட்டரை மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் முதல் ஆள் ஏழு மணிக்கே இறங்கியாக வேண்டும். எட்டுப் பேருக்கு ஒன்று என்றால் தினமும் சண்டைதான்.

தண்ணீரைப் பற்றி மூன்று கேள்விகள்: மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரிய) இணைப்பு உண்டா, போர்வெல் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வாங்கினால் யார் காசு. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது சென்னையில் மெஸ்களும் விடுதிகளும் திண்டாடின. அந்த ஆண்டு அந்த இடம் எப்படிச் சமாளித்தது என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். குழாயில் வரும் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். குழாய் முனையில் வெள்ளைப் படிவு கனமாக இருந்தால் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது.

கரன்டில்தான் ஓனர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள். அதிகாரபூர்வ பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாகக் கட்டணம் ஏறும். ஓனரே தனியாக ஒரு சப் மீட்டர் வைத்து ‘யூனிட்டுக்குப் பத்து ரூபாய்’ என்று ஒரே விலை போடுவது பரவலான வழக்கம். தனி மீட்டர் உள்ள வீடாகத் தேடுங்கள். நுகர்வோர் எண்ணை வாங்கிக்கொண்டால் மின்வாரியத் தளத்தில் பழைய பில்களையும் பார்க்கலாம். ஏசி அறை என்றால், ஒரு டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட், பத்து ரூபாய் வீதம் 2,400. மூன்று பேர் பகிர்ந்தாலும் தலைக்கு 800. ‘ஏசிக்கு வெறும் ஐந்நூறு ரூபாய்தான் கூட’ என்று பி.ஜி.யில் சொன்னால், கரன்ட் அதில் அடக்கமா தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மகளிர் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வரவேற்பறையில் மாட்டியிருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்ற பதில் ஆண்டுக்கணக்கில் ஓடும். இரவில் வெளிக்கதவைப் பூட்டினால் சாவி எங்கே இருக்கும், வேறு படிக்கட்டு உண்டா, கேஸ் சிலிண்டர்களை எங்கே அடுக்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒரே படிக்கட்டின் அடியில் சிலிண்டர் இருந்தால் அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். பில்லில் ஜிஎஸ்டி சேர்த்தால் கேள்வி கேளுங்கள்: 2024 ஜூலை முதல், தொடர்ந்து 90 நாள் தங்குகிறவருக்கு, ஆள் ஒன்றுக்கு மாதம் 20,000 வரையிலான விடுதிக் கட்டணத்துக்கு வரி இல்லை.

அட்வான்ஸும் அக்ரிமென்டும்

வாடகை வீடுகளுக்கு 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், இணையத்திலேயே பதியலாம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, இருதரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர. அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து, ஆறு, சில இடங்களில் பத்து மாதம் கேட்கிறார்கள். ‘சட்டம் மூணு மாசம்னு சொல்லுது’ என்று சண்டைக்கு நிற்காமல், பேரத்தின் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு கேட்பவர் நான்குக்கு இறங்குவார். வாடகையில் 500 குறைக்க மறுப்பவர்கூட அட்வான்ஸில் இறங்கி வருவார்.

பி.ஜி.யும் மேன்ஷனும் தங்கும் விடுதி வகை. அங்கே இந்தச் சட்டத்தை நம்பிப் போகாதீர்கள். அவர்கள் கொடுக்கும் ரசீதும் விதிமுறைத் தாளும்தான் உங்கள் ஆதாரம்.

முதலாண்டு மாணவர் பலருக்கு 18 வயது நிரம்பியிருக்காது. அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. பெற்றோர் போட வேண்டும். நான்கு பேர் வீடு எடுத்தால் நான்கு பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும். ஒருவர் பெயரில் எடுத்து மற்றவர்கள் அவருக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டில், அந்த ஒருவர் கிளம்பும்போது மூவரும் நடுத்தெருவில் நிற்பார்கள். யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டார் என்பதை ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டு, படமெடுத்துக் குழுவில் போட்டு வையுங்கள். இடையில் ஒருவர் விலகிப் புதியவர் வந்தால், புதியவர் அட்வான்ஸை விலகுபவரிடம் நேராகக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். ஓனருக்கு ஒரு செய்தி அனுப்பி ‘சரி’ என்ற பதிலையாவது வாங்காமல் அதைச் செய்யாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் இவை தாளில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்:

- வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர், கரன்ட் ஒவ்வொன்றும் தனித்தனியாக
- பெயின்டிங் பிடித்தம் எவ்வளவு. ஓராண்டுக்குள் போனாலும் முழுசா
- ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம்
- நோட்டீஸ் காலம், எந்தத் தேதியிலிருந்து கணக்கு
- கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கலாமா

அட்வான்ஸை வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பில் ‘அட்வான்ஸ்’ என்று எழுதுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் தேதி, தொகையுடன் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை எந்த பி.ஜி.யிலும் ஒப்படைக்காதீர்கள்; ஆதாருக்கு மறைக்கப்பட்ட எண் கொண்ட நகல் போதும். காவல் நிலையத்துக்கான வாடகைதாரர் விவரப் படிவத்துக்கு ஓனர் போட்டோ கேட்டால் கொடுங்கள், அது வழக்கமான நடைமுறை.

சாவி வாங்கிய அன்று, பெட்டியை இறக்கும் முன், ஒரு வீடியோ: சுவர் விரிசல், கதவுத் தாழ்ப்பாள், வாஷ்பேசின், ஒழுகும் குழாய், கடைசியில் மீட்டர் எண். அதை ஓனரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். சமையலுக்குச் சொந்த இணைப்பு இல்லையென்றால் இண்டேனின் 5 கிலோ சோட்டு சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும். தெருமுனைக் கடையில் கள்ளத்தனமாக நிரப்பிக் கொடுக்கும் குட்டி சிலிண்டர் வேண்டாம்.

காலி செய்யும்போது

பி.ஜி.களில் பணம் போகும் முக்கிய ஓட்டை நோட்டீஸ் தேதி. ‘முப்பது நாள் நோட்டீஸ்’ என்று வாயால் சொல்வார்கள். தாளில் ‘மாதத்தின் 1-ஆம் தேதிக்குள்’ என்றிருக்கும். மே 31-ல் கிளம்ப நினைப்பவர் மே 4-ல் சொன்னால் ஜூன் கட்டணமும் போயிற்று. ஏப்ரல் கடைசி வாரத்திலேயே எழுத்தில் அனுப்பி, பதிலைப் படமெடுத்து வையுங்கள்.

வீடு என்றால், சட்டப்படி காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ‘அடுத்த ஆள் வந்ததும் தரேன்’ என்பதே நடைமுறையில் கேட்கும் பதில். சாவியைக் கொடுக்கும் நாளும் பணம் வரும் நாளும் ஒன்றாக இருக்கும்படி முன்கூட்டியே பேசுங்கள். காலி செய்வதற்குப் பத்து நாள் முன்பு ஓனரை அழைத்து வீட்டைச் சுற்றிக் காட்டி, என்னென்ன பிடிப்பார் என்று தொகையோடு கேட்டுவிடுங்கள். ஆணி அடித்த ஓட்டைகளை நாற்பது, ஐம்பது ரூபாய் புட்டி வாங்கி நீங்களே அடைத்துவிட்டால் ‘சுவர் ரிப்பேர்’ என்று ஆயிரம் பிடிக்க வாய்ப்பிருக்காது. மீட்டரைக் கடைசியாகப் படமெடுத்து, அன்று வரையிலான கரன்ட் தொகையைக் கட்டிவிடுங்கள். ‘பில் வந்ததும் பார்த்துச் சொல்றேன்’ என்று அட்வான்ஸை இரண்டு மாதம் இழுக்க அது ஒரு சாக்கு.

அதன் பிறகும் தராவிட்டால், வீட்டுக்கு வாடகைச் சட்டத்தின் கீழும் பி.ஜி.க்கு நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒப்பந்தம், வங்கிப் பரிமாற்றம், முதல் நாள் வீடியோ, நோட்டீஸ் செய்தி நான்கையும் இணைத்து ஓனருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு தபால் அனுப்பி, பதினைந்து நாள் கெடு கொடுத்துவிட்டுப் போங்கள். பல பேருக்கு அந்தத் தபாலிலேயே பணம் வந்துவிடுகிறது.